எண்ணாமல் மூடாத சிஸ்டரம்மா

எதிர்வீட்டுக்கு அந்தம்மா குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் அரிசி அளந்து எடுத்துவிட்டு டின்னை மூடிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்று என் கையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆழாக்கு எங்க?"

"உள்ள இருக்கு."

"பாத்துட்டு சொல்றியா, நெனச்சிட்டு சொல்றியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டு டின், என் வீட்டு ஆழாக்கு, இவர் யார் கேட்க? வேகமாகத் திறந்து காட்டினேன். உள்ளே ஆழாக்கு இல்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானை மடிப்பில் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "இப்ப மூடு" என்றார். தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆம்பூரில் ரயில் தடத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. தெருவில் எல்லோரும் அவரைச் சிஸ்டரம்மா என்போம். கன்னியாஸ்திரி இல்லை. ஆந்திரா எல்லைக்கு அப்பால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ட்யூட்டி முடிஞ்சி வர்றப்போ எல்லாரும் தூங்கிட்டாங்க" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

தியேட்டரில் ஒரு வழக்கமாம். வயிற்றைத் திறக்கும் முன் பஞ்சு எத்தனை, துணி எத்தனை, ஊசி எத்தனை, இடுக்கி எத்தனை என்று ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும், இன்னொருவர் கூடவே எண்ண வேண்டும். தைத்து மூடும் முன் மறுபடி எண்ண வேண்டும். கணக்கு சரி என்று நர்ஸ் சொன்னால்தான் டாக்டர் ஊசியைத் தொடலாம். ஒருநாள் பெரிய டாக்டர் ஒருவர் அவசரப்பட்டாராம். துணி ஒன்று குறைகிறது, மூட விடமாட்டேன் என்று இவர் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். டாக்டர் இங்கிலீஷில் கத்தினார். இவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் துணி டாக்டரின் பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைச் சொல்லும்போதுகூட அவர் முகத்தில் ஜெயித்த களை வராது. "அது கீழ இருந்துச்சு. உள்ள இருந்திருந்தா?" என்பார். அவ்வளவுதான்.

அதே கணக்கை வீதிக்கும் கொண்டுவந்துவிட்டார். பஸ் கிளம்பும் முன் எங்கள் ஆட்களை எண்ணுவார். கல்யாணப் பந்தியில் இலையை மடிக்கும் முன் மோதிரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். சாயங்காலம் என் ஷெட்டைப் பூட்டும்போது, "கத்திரி எத்தினி, உளி எத்தினி?" என்று வேலியோரம் நின்றபடி கேட்பார். முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு பழகிவிட்டது. நாளாக நாளாக அவர் கேட்காவிட்டால்தான் பூட்டுப் போடக் கை வரவில்லை.

ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் ஷெட். வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்டு நானே கட்டியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் எனக்கு வரும். ஆனால் தோலை விரலால் தடவினால் அது ஆட்டுத்தோலா, கன்றுத்தோலா, எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று சொல்லிவிடுவேன். ஷூ கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத் தோலை வாங்கி, கைக்கடிகாரத்துக்கு வார் செய்து வந்தேன். ஒரு கைப்ரெஸ், தையல் மிஷின் இரண்டு, நான்கு பெண்கள். நான்கு பேரும் முன்னால் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைக் கையால் இழுத்துப் போடுகிற வேலை. மல்லிகா என்னிடம் வந்த புதிதில் அவள் விரல் இடுக்கெல்லாம் வெந்து பிளந்திருந்தது. சோற்றில் கை வைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். என் ஷெட்டில் ஒரு மழைக்காலம் போனதும் அந்தக் கை ஆறியது.

சிஸ்டரம்மா வீட்டில் ஒரு மிஷின் இருந்தது. ஆஸ்பத்திரியில் கருவிகளை ரிப்பேர் செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். மில்லிங் மிஷின். பெரிய பட்டறையில் இருப்பது யானை என்றால் இது கன்றுக்குட்டி, மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். மேலே கத்தி சுற்றும். கீழே இரும்புப் பலகை ஒன்று, அதில் பித்தளையைப் பிடிக்க வைத்து, இரண்டு கைச்சக்கரத்தைத் திருப்பினால் பலகை இடம் வலம், முன் பின் என்று நகரும். கத்தி கோடு போட்டுக்கொண்டே போகும். அதை வைத்துக்கொண்டு அந்தம்மா பொம்மை ரயில் இஞ்சின் செய்வார். நிஜமாகவே ஆவி விட்டு ஓடும். யாருக்கும் விற்க மாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். தெருவில் பேசினார்கள், வயதான பொம்பளைக்கு இது என்ன விளையாட்டு என்று. நான் பேசவில்லை. மிஷின் வைத்திருப்பவளுக்குத்தான் மிஷின் வைத்திருப்பவளின் ஆசை தெரியும்.

எண்பதுகள் பிறந்த சமயம். வேலூர் லாங் பஜாரில் பிளாஸ்டிக் வார் வந்து குவிந்தது. வேலைப்பாடு இல்லாத என் தோல் வாரைக் கடைக்காரர்கள் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ராணிப்பேட்டை ஏற்றுமதிக் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். வார் முழுக்க டைமண்ட் கட்டம் அழுத்திக் கொடுத்தால் வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்குக் கட்டம் வெட்டிய பித்தளைத் தகடு வேண்டும். என் ப்ரெஸ் சின்னது. பாதி வார் நீளத்துக்குத்தான் தகடு வைக்க முடியும். ஒருமுறை அழுத்திவிட்டு, வாரை நகர்த்தி, இன்னொருமுறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தலின் கடைசிக் கட்டமும் இரண்டாவதின் முதல் கட்டமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

சிஸ்டரம்மாதான் தகடு வெட்டிக் கொடுத்தார். அழுத்தினோம். எடுத்துப் போய்க் காட்டினேன். கம்பெனி ஆள் வாரின் நடுவில் நகத்தை வைத்தார்.

"இங்க ஒட்டுத் தெரியுதும்மா. இந்தப் பக்கம் கட்டம் குண்டா இருக்கு, அந்தப் பக்கம் ஒல்லியா இருக்கு. வாங்க மாட்டாங்க. அடுத்த சனிக்கிழமை நானே வர்றேன். சரியா இருந்தா உங்களுக்கு. இல்லன்னா வாணியம்பாடில ஒருத்தர் கேட்டுட்டு இருக்கார்."

வீட்டுக்கு வந்ததும் தோல் ஷாப் மேஸ்திரி சைக்கிளோடு வாசலில் நின்றார். பிளாஸ்டிக் வார் வந்த சேதி அவருக்கும் தெரியும். "இன்னாம்மா, ஆளுங்கள எப்ப அனுப்பறே? தொட்டிக்கு ஆள் கம்மி" என்றார். சனிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன். ஆர்டர் வரவில்லை என்றால் திங்கட்கிழமை அவர்கள் அங்கே போவதைத் தவிர வேறு வழி இல்லை. இதை நான் மறைக்கவில்லை. நான்கு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மல்லிகா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சிஸ்டரம்மா தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தகடு தப்பு. நான் சரியாத்தான் திருப்பினேன், மிஷின் பொய் சொல்லுது" என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கைச்சக்கரத்தைத் திருப்பினால் கொஞ்ச தூரம் அது சும்மாவே சுற்றியது; அப்புறம்தான் பலகை நகர்ந்தது. பலகையைத் தள்ளும் திருகு நடுவில் தேய்ந்துபோயிருந்தது. அதனால் ஓரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு தூரம், நடுவில் ஒரு சுற்றுக்கு வேறு தூரம். "இத வெச்சிட்டு பொம்மை ரயில் ஓட்டலாம். நாலு பேர் வயித்த ஓட்ட முடியாது."

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார். லாங் பஜாருக்குப் பின்னால் பழைய இரும்புக் கடைகள் இருந்தன. நான்கு கடை ஏறி இறங்கினோம். ஐந்தாவது கடையில் குவியலுக்குள் கையை விட்டு, முழங்கையைவிட நீளமான ஒரு திருகை இழுத்தார். அதன் மரையில் கூர் இல்லை. விரல் ஓடுகிற மாதிரி உருண்டையான பள்ளம். மேலே ஒரு தடித்த நட்டு.

"இது இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"இரும்பு."

"எக்ஸ்ரே ஸ்டாண்டோட திருகு. அவ்ளோ கனத்த மேல ஏத்த எறக்க எனக்கு ஒரு கை போதும். எத்தினி வருஷம் திருப்பியிருக்கேன்! இதுக்கு ஜோடி ஒண்ணு இருக்கணும். எங்க?"

"ஒண்ணு போதாதா சிஸ்டர்? கல்யாணமா பண்ணி வெக்கப் போறீங்க?"

"ஆமா. நீ வந்து தாலி எடுத்துக் குடு. தேடு."

கடைக்காரர் தேடினார். ஜோடி கிடைத்தது. சிஸ்டரம்மா இரண்டாவதைச் செங்குத்தாகப் பிடித்தார். யாரும் தொடாமலே நட்டு சரசரவென்று தானாகச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. நான் வாங்கித் திருப்பிப் பிடித்தேன், மறுபடியும் இறங்கியது. நட்டுக்கும் திருகுக்கும் நடுவில் சின்னச் சின்ன பால்ரஸ் குண்டுகள் உருளுகின்றன, அதனால்தான் உரசல் இல்லை, சும்மா சுற்றுகிற இடைவெளியும் இல்லை என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். முதலாவதுதான் பழைய கிரீஸ் காய்ந்து இறுகிப்போய் இருந்தது.

எங்கள் தெருமுனையில் லேத் வைத்திருந்த பாய் மிஷினின் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு திருகையும் தக்க நீளத்தில் வெட்டி, முனைகளைக் கடைந்து கொடுத்தார். "ரொம்ப கெட்டி இரும்பு சிஸ்டர், என் டூலெல்லாம் பேஜார் ஆயிடுச்சு" என்று புலம்பினார். இறுகிய நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்கச் சொன்னார். "பிரிக்க மட்டும் பிரிக்காதீங்க."

சிஸ்டரம்மா கேட்பாரா? தியேட்டரில் எதையும் பிரித்து, சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைக்காமல் உள்ளே வைக்க மாட்டார்கள். சைக்கிளில் இருப்பதுபோலக் குண்டுகள் ஒரு கூட்டுக்குள் அடங்கித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். என் ஷெட்டில் அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்துவிட்டு, வெட்டும் மேஜைமேல் நட்டைத் திருகித் திருகி வெளியே எடுத்தார்.

கூடும் இல்லை, ஒன்றும் இல்லை. திருகை விட்டு நட்டு வெளியே வந்த நொடியில் குண்டுகள் பொலபொலவென்று கொட்டின. மேஜையில் துள்ளி, தரையில் விழுந்து, தோல் துண்டுகளுக்கு நடுவில் ஓடி மறைந்தன. கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் சிறியவை. என் நான்கு பெண்களில் ஒருத்தியான காந்தா சிரித்தாள். நானும் சிரிக்கப் போனேன். சிஸ்டரம்மா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டிருந்தது.

"எண்ணலை" என்றார். "தொறக்கறதுக்கு முன்னாடி எண்ணலை."

தரையைப் பெருக்கி, துண்டுத் தோலை ஒவ்வொன்றாக உதறி, எல்லாவற்றையும் பொறுக்கினோம். நட்டைக் கொதிக்க வைப்பதை மட்டும் அவர் விடவில்லை. பிறகு குண்டுகளைக் கழுவி எண்ணினார். எழுபத்தொன்று. ஆனால் எத்தனை இருக்க வேண்டும்? அது யாருக்கும் தெரியாது.

லேத் பாயைக் கூட்டிவந்தேன். "லாரி ஸ்டியரிங்லயும் இதே மாதிரி குண்டுதான் சிஸ்டர். ஒண்ணு ரெண்டு கம்மியானா இன்னா, அது பாட்டுக்கு ஓடும். போட்டு மூடுங்க" என்றார்.

"பாத்துட்டு சொல்றியா, நெனச்சிட்டு சொல்றியா?"

பாய் தாடியைச் சொறிந்தார். "ஓடும்னு நெனைக்கறேன்" என்று இழுத்துவிட்டு நழுவினார்.

வியாழக்கிழமை ஆகிவிட்டது. எனக்குப் பொறுமை போனது. "மூடுங்க சிஸ்டர்" என்றேன். "சனிக்கிழமை அந்த ஆளு வந்து நிக்கப் போறான். நாலு பொம்பளைங்க கை வெந்து போவும். உங்களுக்கு ஒரு குண்டு பெரிசாப் போச்சா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை.

"அந்தக் கைக்காகத்தான் கேக்கறேன். ஒண்ணு எங்கயாவது எடக்குல மாட்டிட்டு இருந்தா, நடு வேலைல திருகு புடிச்சிக்கும். தகடு போச்சு. அடுத்த தகடு வெட்ட நாள் இருக்கா உன்கிட்ட? எனக்கு ஒரே ஒரு தடவைதான் மூட முடியும்."

பிறகு அவர் செய்ததை யாரும் செய்ய மாட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது திருகை எடுத்தார்.

"இதுவும் அதுவும் ஒரே அச்சு. இதுல எத்தினி இருக்கோ, அதுலயும் அத்தினி. தொறந்து எண்ணிடலாம்."

"நல்லா இருக்கறதையும் கொட்டப் போறீங்களா?" என்று நான் கத்தியேவிட்டேன். இரண்டும் போனால் பழைய தேய்ந்த திருகுதான் கதி. அந்தம்மா வெந்நீரில் துவைத்த வெள்ளை வேட்டியை மேஜைமேல் விரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அவரைவிதை வடிவத் தட்டை நடுவில் வைத்தார். எங்கள் ஐந்து பேரையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். முந்தானையை இழுத்துச் செருகி, தலையில் துணி கட்டச் சொன்னார்.

"இன்னாக்கா இது, கொழந்தை பொறக்கப் போவுதா?" என்றாள் காந்தா.

"வாய மூடிட்டு எண்ணு. நான் சத்தமா சொல்வேன், மல்லிகா கூடவே சொல்லணும். மத்தவங்க தட்ட மட்டும் பாருங்க" என்றார் சிஸ்டரம்மா.

நட்டைத் தட்டுக்குள் வைத்து மெல்லத் திருகினார். கொட்டிய குண்டு ஒவ்வொன்றையும் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டபடி எண்ணினார். மல்லிகா கூடவே எண்ணினாள். எழுபத்தொன்றில் நின்றது. எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. நான் சந்தோஷத்தில் எழுந்தேவிட்டேன். சிஸ்டரம்மா மட்டும் உட்கார்ந்தபடியே நட்டைத் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் வளைந்த சின்னக் குழாய் ஒன்று இருந்தது, குண்டுகள் திரும்பி வருகிற வழி. அதற்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினார். டிங் என்று தட்டில் ஒன்று விழுந்தது.

"எழுபத்திரெண்டு" என்றாள் மல்லிகா. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

சிஸ்டரம்மாவின் முகம் மட்டும் அப்போதுதான் தெளிந்தது. "அந்த நட்டுலயும் ஒண்ணு இதே கொழாய்லதான் ஒட்டிட்டு இருந்திருக்கு. கொதிக்கறப்போ கிரீஸ் கரைஞ்சி விழுந்திருக்கு. அந்தத் தண்ணிய யாரு ஊத்துனது?"

காந்தா கையைத் தூக்கினாள். முருங்கை மரத்தடியில் ஊற்றியிருந்தாள். ஓடிப் பார்த்தால் அங்கே என் கோழிகள் ஈரமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

கோழி மினுக்கென்று எதைப் பார்த்தாலும் கொத்தும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கோழியை அறுக்கச் சொல்வார்களோ என்று நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். பாயிடமிருந்து உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் வந்தது. சிஸ்டரம்மா ஒவ்வொரு கோழியாக மடியில் வைத்து, இரைப்பையை விரலால் அமுக்கி, காந்தத்தை வைத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்றாள் காந்தா.

"நீதான் டாக்டர். றெக்கைய புடி."

கோழிகள் தப்பின. பிறகு மண்ணைத் தட்டில் அள்ளி அள்ளிக் காந்தத்தைத் தடவினோம். மல்லிகா தட்டையெல்லாம் விட்டுவிட்டு, வேர் இடுக்கில் விரலை நுழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். புண் ஆறிப் புதுத்தோல் வந்த விரல். திடீரென்று நிமிர்ந்தாள். நகக்கண்ணில் சேறோடு சேறாக அது ஒட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் கத்திய கத்தலில் பாய் லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். சிஸ்டரம்மா குண்டை வாங்கினார். பார்த்தார். "அடுப்ப மூட்டு, இத கொதிக்க வெக்கணும்" என்றார்.

பின்னாளில் அவர் தங்கை மகளோடு கோலாருக்குப் போய்விட்டார். மிஷினையும் கூடவே எடுத்துப்போனார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் பதில் தெரிந்ததும் எழுந்துவிடுவார்கள், அன்றைக்கு நான் எழுந்த மாதிரி. இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு நட்டையும் மூடியது வெள்ளிக்கிழமை காலையில். திருகின் தடிமனுக்குப் பாய் ஒரு மரக்குச்சி கடைந்து கொடுத்தார். குச்சியை நட்டுக்குள் விட்டு, புதுக் கிரீஸைப் பூசி, குண்டுகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பதித்தார். குச்சியைத் திருகின் முனையோடு முட்ட வைத்து நட்டை ஏற்றினார். ஒன்றுகூட விழவில்லை. இரண்டு கிண்ணமும் காலி. "கணக்கு சரி" என்று உரக்கச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எதிரே சுவர்தான் இருந்தது.

மிஷினில் பூட்டியதும் கைச்சக்கரம் ஒரு விரலுக்கு நகர்ந்தது. தொட்டவுடன் பலகை அசைந்தது, சும்மா சுற்றுவதே இல்லை. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது. துண்டுப் பித்தளையில் வெட்டிப் பார்த்தபோது, கையை எடுத்தால் கத்தியின் அதிர்வுக்கே பலகை தானாக நகர்ந்தது. பழைய திருகு இறுகிப் பிடித்து நிற்கும். இது வழுக்கிக்கொண்டு ஓடியது. சிஸ்டரம்மா உதட்டைக் கடித்தார். இந்த இடத்தில் என் வேலை இருந்தது. எருமைத்தோலில் ஒரு பட்டை அறுத்து, சொரசொரப்பான பக்கம் உள்ளே வரும்படி சக்கரத்தின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை இழுத்து ஆணியில் மாட்டினேன். பலகை சொன்ன இடத்தில் நின்றது.

"எங்க கத்துக்கிட்டே?" என்றார்.

"மாட்டு வண்டிக்கு இப்படித்தான் சிஸ்டர், இறக்கத்துல கட்டுவாங்க."

அவர் என்னைப் பாராட்டியது அதுவரை இல்லை, அன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டைக்கு எண்ணெய் படாமல் கடைசிவரை ஒரு துணி போட்டு வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை இருட்டும் வரை வெட்டினார். ஒரு கோடு, சக்கரத்தில் இத்தனை கீற்று, அடுத்த கோடு. பிறகு தகட்டைச் சாய்த்துப் பிடித்துக் குறுக்கே கோடுகள். யாரையும் பேச விடவில்லை. மல்லிகா பக்கத்தில் நின்று கோடுகளைக் கூடவே எண்ணினாள்.

சனிக்கிழமை கம்பெனி ஆள் ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போதே, வேலிக்கு வெளியே மேஸ்திரியும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். ஆளை எழுதிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். இருக்கட்டும் என்று விட்டேன்.

தகட்டைச் சூடாக்கி ப்ரெஸ்ஸில் மாட்டினோம். நானே கைப்பிடியை இழுத்தேன். ஒரு அழுத்தல். வாரை நகர்த்தி, இன்னொரு அழுத்தல். எடுத்து, நான் பார்க்காமலே கம்பெனி ஆளிடம் நீட்டினேன். எனக்குப் பயம் இல்லை என்று அவருக்குத் தெரியட்டும்.

அவர் வெளிச்சத்துக்குப் போனார். வாரை விரலில் சுற்றினார். நீட்டினார். பையிலிருந்து கண்ணாடி எடுத்துப் பார்த்தார். நகத்தை வாரின் நடுவில் வைத்தார், கொஞ்சம் தள்ளி வைத்தார், மறுபடி தள்ளி வைத்தார்.

"ஒட்டு எங்கம்மா இருக்கு?"

"நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அவர் சிஸ்டரம்மா பக்கம் திரும்பினார். "தகடு வெட்டுனது நீங்களா? நீங்களாவது சொல்லுங்க."

"இருக்கு" என்றார் சிஸ்டரம்மா. "காட்ட மாட்டேன்."

அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்தார். வாரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை தோல் அனுப்பறேன். கருப்பு பாதி, காப்பிக்கொட்டை கலர் பாதி. ஆளுங்க போதுமா உங்களுக்கு?"

"போதும். இருக்கறவங்க எங்கயும் போக மாட்டாங்க" என்றேன்.

ஸ்கூட்டர் போனதும் மேஸ்திரி வேலியோரம் வந்தார். "அப்போ மல்லிகா, திங்கக்கிழமை காலைல..." என்று ஆரம்பித்தார்.

"திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு மேஸ்திரி."

"இது எத்தினி நாளைக்குடி? வாச்சுக்கு வாரு கட்டிட்டு காலம் ஓட்டுவியா? தோல் ஷாப்பு என்னிக்கும் இருக்கும்."

"இருக்கட்டும். அதுல எறங்கறதுக்கு வேற கை தேடு" என்றாள் மல்லிகா.

மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்தார். காந்தா தலையை நிமிர்த்தவில்லை. மற்ற இரண்டு பேரும் நிமிர்த்தவில்லை. அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். மல்லிகா உள்ளே வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரை எடுத்துத் தகட்டின் கீழே வைத்தாள். "இழுங்கக்கா" என்றாள். நான் கைப்பிடியை இழுத்தேன்.